பாலத்தடியில் இறங்கிக்கொண்டவர்கள்

எங்கள் ஊர்ப் பாலத்து இறக்கத்தில் வேகக் கேமரா வைத்த மறுவாரமே அதனடியில் ஆட்கள் இறங்கி உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் இறங்கினவர் மருந்துக் கம்பெனி ஜெரோம் சார். அதை நான் கண்ணால் பார்த்தேன், ஏனென்றால் என் டீக்கடை அந்தக் கேமராக் கம்பத்துக்கு நேர் எதிரே, புங்கமரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் பாலத்தின் மேலிருந்து பைக்கில் வந்தார், கம்பத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது, பைக் போய்விட்டது. அவர் அதில்தான் போனார், முதுகில் கறுப்புப் பை காற்றில் ஆட ஆடப் போனார். ஆனால் அவரே பின்சீட்டிலிருந்து இறங்கினமாதிரி ரோட்டோரத்திலும் நின்றார். அதே கோடு போட்ட சட்டை, அதே கழுத்துப்பட்டை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று மரத்து வேரில் உட்கார்ந்து, "தண்ணி இருக்குமாம்மா?" என்று கேட்டார். நான் செம்பு நிறையக் கொடுத்தேன். சித்திரை மாதத்தில் தண்ணீர் கேட்கிறவரிடம், இப்போதுதானே போனீர்கள், மறுபடி எப்படி இங்கே இருக்கிறீர்கள் என்றா கேட்பது?

குடித்துவிட்டு அவராகவே சொன்னார். "அசதிம்மா. முடியல, இறங்கிட்டேன். அவன் போறான், போகட்டும்."

அன்று பொழுது சாய்வதற்குள் மர நிழல் நிறைந்துவிட்டது. கோழி ஏற்றிப் போகிற டெம்போ வீரணன் அண்ணன் இறங்கினார், டெம்போ கோழிகளோடு போய்விட்டது. தனியார் பஸ் ஓட்டுகிற காசிராஜன் அண்ணன் இறங்கினார், அவருடைய பஸ் அவரோடும் ஆட்களோடும் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது. சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பைக் ஓட்டுகிற காலேஜ் பையன் ஒருவன் இறங்கி, இறங்கினதும் காதைப் பொத்திக்கொண்டான். அதற்கடுத்த வாரம் கேமராவின் கண்ணாடியைத் துடைக்க ஆபீசிலிருந்து ஒரு தம்பி வேகமாக வந்தார், அவரும் இறங்கிக்கொண்டார். துடைக்க வந்தவர் துடைத்துவிட்டு அவசரமாக அடுத்த ஊருக்குப் போக, இறங்கினவர் என் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "படத்துல ரெண்டு ஆள் விழுதுக்கா, ஓட்டுறவர் ஒருத்தர், இறங்குறவர் ஒருத்தர், அபராதத்தை யாருக்கு அனுப்புறதுன்னு ஆபீஸ்ல ஒரே குழப்பம்" என்று கொட்டாவி விட்டார்.

ஊரில் அவர்களுக்கு இறங்கினவர்கள் என்று பெயர் வைத்தோம். பேய் பிசாசு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவர்களுக்குப் பசித்தது, கொசு கடித்தால் தட்டினார்கள், வெயிலில் நின்றால் நிழல் விழுந்தது. அவசரம் ஒன்றுதான் அவர்களிடம் இல்லை. ஒரு மனுஷனுக்குள் ஓடுகிற பாகம் ஒன்று, களைத்துப்போய் உட்காரலாமா என்று கெஞ்சுகிற பாகம் ஒன்று இருக்கிறதல்லவா, அந்தக் கெஞ்சுகிற பாகம் வெளிச்சம் அடித்த நொடியில் சந்து கிடைத்ததென்று இறங்கிக்கொண்டது, ஓடுகிற பாகம் ஓடிப்போனது. ஒரு தடவை இறங்கிவிட்டால் அவ்வளவுதான். அதே ஆள் மறுபடி எத்தனை தடவை வேகமாக வந்தாலும் வெறும் வெளிச்சம் அடிக்கும், அபராதம் வரும், இறங்குவதற்கு உள்ளே ஆள் இருக்காது.

கம்பத்திலிருந்து என் கடை வரைக்கும் அவர்களால் நடக்க முடியும், அதற்கு மேல் கால் வராது. அதனால் ஊர்தான் அவர்களிடம் போனது. பஞ்சாயத்தில் ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இத்தனை பேருக்கு யார் வடித்துக் கொட்டுவது என்று. அப்புறம் அவர்களுடைய கை நிதானத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். மல்லிகைப்பூ கட்டக் கொடுத்தால் மொட்டுக்கு மொட்டு நெருக்கமாக, சரம் பாம்பு மாதிரி வளைகிற அளவுக்குக் கட்டினார்கள். அரிசியில் கல் பொறுக்கினார்கள், கடலை உடைத்தார்கள், பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்தார்கள். வீட்டில் யாருக்குமே நேரமில்லாத கதையைப் போய்ச் சொன்னால் உம் கொட்டிக் கேட்டார்கள், நடுவில் கடிகாரம் பார்க்கவே மாட்டார்கள். சேதி பரவி, வெளியூரிலிருந்து அவர்களுடைய வீட்டுக்காரிகள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, தார்ப்பாயடியில் புருஷனோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போனார்கள். ஜெரோம் சாரின் மனைவி திரும்பிப் போகும்போது என்னிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு, "வீட்ல இருக்கிறது சம்பாதிக்குதும்மா, இது பேசுது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கிற கொடுப்பினை இல்ல" என்று சொல்லி, சிரிக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாள் முழுக்க மரத்தடியில் ஒரே பேச்சு கேமராவைப் பற்றித்தான். அவர்களுக்கு வேறு என்ன வேலை?

"இறக்கத்துல கொண்டாந்து வெச்சிருக்கான் பாருங்க," என்பார் வீரணன் அண்ணன், வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிப் பூக் கட்டிக்கொண்டே. "இதையே ஏத்தத்துல வெச்சா என் டெம்போவுக்குப் பரிசுல்ல குடுக்கணும்."

"நாப்பதுன்னு எழுதின போர்டு எங்க இருக்கு? வேப்பமரத்துக்குப் பின்னாடி இருக்கு. வண்டிய நிறுத்தி, இறங்கி, கொப்பை ஒதுக்கிட்டுப் படிக்கணும் போல." இது ஜெரோம் சார்.

"நாப்பதுல போனா நான் பஸ் ஓட்டல, பல்லக்குத் தூக்குறேன். ரெண்டு நிமிஷம் பிந்திட்டா ஸ்டாண்டுல டைம் கீப்பர் விசில் ஊதுவான், பின்னாடி வர்றவன் என் ஆளுகளை அள்ளிட்டுப் போயிருவான். கேமராவ எனக்கு வைக்காதீங்க, அந்த விசிலுக்கு வைங்க."

"பெரிய கார்க்காரன்லாம் கம்பத்துக்கிட்ட மட்டும் பிரேக்கப் புடிச்சு நல்ல பிள்ளையாட்டம் போவான், தாண்டினதும் பறப்பான். மாட்டுறது நம்ம ரெண்டு சக்கரந்தான்" என்பான் காலேஜ் பையன்.

கேமரா ஆபீஸ் தம்பி கண்ணை மூடியபடியே பதில் சொல்வார். "அதுக்கு ஆளே தெரியாதுண்ணே. வேகம் மட்டுந்தான் தெரியும்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சோலையம்மா அத்தாச்சி ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஆளாளுக்கு நாயம் பேசுறீகளே, உங்கள்ல எவனாச்சும் இந்த ரோட்ட நடந்து தாண்டியிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டார். அத்தாச்சி வீட்டு மாமா இந்த இறக்கத்தில்தான் ஒரு காலைப் பறிகொடுத்தார், பால் கேனோடு தாண்டும்போது. "இந்தக் கேமரா வந்த பெறகுதான் நான் ரோட்ட நடந்து தாண்டுறேன். அதுக்கு முந்தி ஓடித்தான் தாண்டுனேன். உங்க மாமனுக்கு ஓட வரல."

வீரணன் அண்ணன் கட்டின பூச்சரத்தில் ஒரு முழம் கிள்ளி அத்தாச்சியிடம் நீட்டினார், அத்தாச்சி வாங்கிக்கொள்ளாமல் ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் தங்கமாயன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். விடிகாலையில் தோட்டம் தோட்டமாகப் போய் மல்லிகை ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவார், வரும்போது காய்கறியோ செங்கலோ கிடைத்ததை ஏற்றி வருவார். மல்லிகை மொட்டாகப் போய்ச் சேர வேண்டும், வழியிலேயே விரிந்துவிட்டால் வாங்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆகையால் அவர் ஓட்டுவது பூவோடு பந்தயம். ஆனாலும் கேமராக் கம்பத்துக்கு மட்டும் மரியாதை கொடுத்து, ஒவ்வொரு நாளும் பாலத்து உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, என் கடையைப் பார்த்துக் கையாட்டிவிட்டுத்தான் போவார்.

வைகாசி முகூர்த்தத்தன்று அவர் கையாட்டவில்லை. ராத்திரி மழையில் பூப் பறிக்கப் பிந்திவிட்டது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மூட்டைக்குள் மொட்டெல்லாம் வாய் திறக்கக் காத்திருந்தது. பாலத்திலிருந்து வண்டி உருண்டு விழுகிற மாதிரி வந்தது. பளிச்.

வண்டி போன திசையில் மல்லிகை வாசனை ஓடியது. இங்கே ரோட்டோரத்தில் என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார், சாவகாசமாக நடந்து வந்தார், என் பெஞ்சில் உட்கார்ந்தார். கடை போட்ட நாளிலிருந்து அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை.

"ஜோதி, ஒரு டீ போடேன். சர்க்கரை கம்மியா."

போட்டேன். அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பால் அடுப்பில் பொங்கி வழிந்தது. எங்கள் மகள் கனிஷ்காவுக்கு நாலு வயசு, அவள் ஒன்றும் யோசிக்கவில்லை, ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார், ஒரு எறும்பு மரத்தில் ஏறுவதை அவளுக்குக் காட்டினார், அந்த எறும்பு உச்சிக்குப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் எனக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். ஒருவர் கம்பத்தடியில், ஒருவர் ரோட்டில். ரோட்டில் இருக்கிறவர் வீட்டுக்கு வருவார், நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார், கையைக் கழுவும்போதே போனில் அடுத்த லோடு பேசுவார், கிளம்பிவிடுவார். பாயை விரித்து வைத்தால் அது விரித்தபடியே கிடக்கும். "கொஞ்ச நேரம் படுங்களேன், அசதியா இல்லையா?" என்றால், நான் ஏதோ அயல்மொழி பேசின மாதிரி என்னைப் பார்ப்பார். "அசதியா? எதுக்கு அசதி?" சும்மா சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே இல்லை. முன்னெல்லாம் ராத்திரி ஓட்டிவிட்டு வந்தால் கண் இரண்டும் செம்பருத்தி மாதிரி இருக்கும். இப்போது கழுவின பீங்கான் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது, அதில் ஒரு நரம்பு சிவப்பில்லை. அக்கம்பக்கத்தில், உன் வீட்டுக்காரர் நல்லா உழைக்கிறாரே என்று சொன்னார்கள்.

காலையில் கடை திறந்ததும் கம்பத்தடியில் இருக்கிறவர் முதலில் கேட்பது இதுதான். "அவன் தூங்குனானா?"

"இல்லைங்க."

"கண்ணு செவந்துச்சா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு."

அவர் கொட்டாவி விடுவார். அந்தக் கொட்டாவியில் இரண்டு பேருடைய தூக்கமும் இருந்தது. ஆனால் மரத்தடியில் எவ்வளவு தூங்கினாலும் அது ரோட்டில் இருக்கிறவருக்குப் போய்ச் சேரவில்லை.

ஆடியில் ஒருநாள் வீரணன் அண்ணன் பூக் கட்டிக்கொண்டிருந்தவர், "இந்த ஆடிக் காத்துல கோழிக்கு..." என்று என்னவோ சொல்ல வாயெடுத்தார், சரம் தரையில் விழுந்தது. கால் கட்டைவிரலில் மாட்டியிருந்த நாரும் விழுந்தது. கட்டைவிரல் இல்லை, கால் இல்லை, அண்ணன் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வேர் மட்டும் வழவழவென்று இருந்தது. காசிராஜன் அண்ணன் கையில் இருந்த டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த பஸ்ஸில் சேதி வந்தது. டோல்கேட்டுக்கு அங்கிட்டு, நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் கோழி டெம்போ போய்ச் சொருகிவிட்டதாம், பிரேக் போட்ட தடமே இல்லையாம். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாராம். உடம்பு தூங்கிப்போயிருக்கிறது, அது அவருக்குத் தெரியவில்லை. தெரியப்படுத்துகிற ஆள்தான் எங்கள் மரத்தடியில் பூக் கட்டிக்கொண்டிருந்தாரே.

அன்றிலிருந்து எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. இறங்கினவர்களை ஏற்றிவிட வேண்டும், எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று சனங்கள் பதறினார்கள். ஜெரோம் சாரின் மனைவி அழுது கூப்பிட்டதில், ஓடுகிற ஜெரோம் சார் ஒருநாள் வந்து மரத்தடியில் பைக்கை அணைக்காமல் நிறுத்தினார். தன்னையே பார்த்து, "டேய், ஏறுடா சீக்கிரம், மூணு டாக்டரைப் பார்க்கணும்" என்றார். இறங்கின ஜெரோம் சார் எழுந்து, பின்பக்க மண்ணைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி, ஒரு காலைத் தூக்கினார். அதற்குள் பைக் கல்லெறிந்த மாதிரி கிளம்பிவிட்டது. தூக்கின காலோடு இவர் நின்றார். அந்த ஜெரோம் சார் திரும்பி வந்தார், மறுபடி நிறுத்தினார், மறுபடி கிளம்பினார், கை தானாக முறுக்கியது. நின்ற வண்டியில் ஏறிக்கொள்ளலாமே என்று நாங்கள் சொன்னால், "உட்கார்றேன், ஆனா ஒட்டலையேம்மா" என்றார் இவர். ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கினவர் ஓடுகிற வண்டியில்தான் ஒட்டுவார், அதுவும் இவர் நிதானத்துக்கு அது ஊர்ந்து போக வேண்டும். ஊர்ந்து போகத் தெரிந்த பாகமோ இங்கே உட்கார்ந்திருக்கிறது, அங்கே ஓடுகிற பாகத்துக்கு மெதுவாகப் போகவே வராது. ஜெரோம் சார் கடைசியில் அழுதுகொண்டே போனார், அழுகையும் வேகமாகத்தான் இருந்தது.

ஊர்ப் பையன்கள் கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்தார்கள், கேமராவை உடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று. சோலையம்மா அத்தாச்சி கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மொதல்ல என் மண்டைய ஒடைங்கடா. இது போச்சுன்னா நாளைக்கு உங்க பிள்ளைக ஓடித்தான் பள்ளிக்கூடம் போகணும்." இறங்கினவர்களும் எழுந்து வந்து கையைப் பிடித்துத் தடுத்தார்கள். "ஓட்டிக்கிட்டு இருந்தப்ப நானும் ஒடைக்கணும்னுதான் நினைச்சேன் தம்பி," என்றார் காசிராஜன் அண்ணன். "இங்கன உட்கார்ந்து பார்த்தாத்தான் நாம எம்புட்டு வேகத்துல போறோம்னு தெரியுது. பயமா இருக்கு." பையன்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு டீ கேட்டார்கள்.

புரட்டாசி வந்தது. சரஸ்வதி பூஜைக்கும் ஆயுத பூஜைக்கும் பூவுக்கு இருக்கிற கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை, ரோட்டில் இருக்கிறவர் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டார். கம்பத்தடியில் இருக்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க ஆரம்பித்தார், துவைத்துத் துவைத்துச் சாயம் போன சட்டை மாதிரி. கனிஷ்கா மடியில் உட்கார்ந்தால் அவள் கவுனின் பூ அவர் கைக்குள் லேசாகத் தெரிந்தது. வீரணன் அண்ணனும் மறைவதற்கு முந்தின நாட்களில் இப்படித்தான் வெளுத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பூஜைக்கு முந்தின நாள் நான் டீ வடிகட்டி, பாய்லர், கரண்டி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இறங்கினவர்கள் சேர்ந்து ஒரே கவலைதான் பட்டார்கள், பெண்டாட்டியைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ இல்லை, வண்டிக்குப் பொட்டு வைத்திருப்பானா, மாலை போட்டிருப்பானா என்று.

"அவன் எங்க வைக்கப் போறான்," என்றார் என் வீட்டுக்காரர். "வருசத்துல அந்த ஒரு தடவைதான் வண்டி எறும்பா ஊரும். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துவோம்ல, அப்ப மட்டும். இந்த வருசம் அதுவும் போச்சு."

நான் தேய்த்துக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அன்று பொழுது போகிறதுக்குள் ஊரில் இருக்கிற எலுமிச்சை மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் வாழை கட்டினோம். கோயில் பூசாரியைப் பிடித்துவந்து ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். மைக் செட் கட்டி, "எல்லா வண்டிக்கும் இங்கயே பூஜை, காத்திருக்க வேண்டாம், ரெண்டே நிமிஷம்" என்று நானே பேசினேன். அவசரக்காரர்களுக்கு அவசரமாகத்தானே சொல்ல வேண்டும்? சோலையம்மா அத்தாச்சி ஏணி போட்டுக் கேமராப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கச் சொன்னார். "கண்ணுல வைக்காதடா, கண்ணுக்கு மேல வையி. அதுவும் வேலை பாக்குற சாமான்தான்." பூசணிக்காயை ரோட்டில் உடைக்க விடவில்லை. "பைக்குல வர்றவன் வழுக்கி விழுவான், ஓரமா ஒடைங்க."

வந்தார்கள். வீட்டுக்குப் போக நேரமில்லாதவனுக்கும் வண்டிக்குப் பொட்டில்லாமல் ஓட்டப் பயம் இருக்கிறதல்லவா, பாலத்திலிருந்து இறங்கி மைக்கைக் கேட்டதும் ஒவ்வொருவராகக் கிறீச்சென்று நிறுத்தினார்கள். கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தி, சந்தனம் தெளித்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு முன்னால் பழம் வைப்போம். பழம் நசுங்காமல் நழுவிவிட்டால் வருஷம் முழுக்க வண்டிக்கு ஆகாது என்பது லைசென்ஸ் இல்லாதவனுக்கும் தெரியும். அதனால் எப்பேர்ப்பட்ட அவசரக்காரனும் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டான். அந்த ஊர்தலில், ஜெரோம் சாருடைய பின்சீட்டில் ஜெரோம் சார் ஏறிக்கொண்டார். ஒரு காலைத் தூக்கிப் போட்டு, பையைச் சரி செய்து, நிதானமாக ஏறிக்கொண்டார். பழம் பொச்சென்று நசுங்கியது. பைக்கில் ஒருவர்தான் இருந்தார், அவர் பைக்கை ஓரமாகச் சாய்த்துவிட்டு, இத்தனை மாதத்து அசதியும் ஒன்றாக இறங்கி, அங்கேயே புல்லில் படுத்துவிட்டார்.

காசிராஜன் அண்ணன் பஸ்ஸைப் பழத்தில் ஏற்றினார், ஏற்றினதும் பின்னால் திரும்பி, "எல்லாரும் இறங்கி டீ குடிங்க சாமி, என்னால முடியல" என்று சொல்லி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். ஆட்கள் திட்டிக்கொண்டே இறங்கி, திட்டிக்கொண்டே டீ குடித்து, தலைக்குத் துண்டை மடித்து வைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் நாலுவழிச்சாலை ஓரமெல்லாம் மாலை போட்ட வண்டிகள், வண்டிக்கு ஒரு தூங்குகிற ஆள், நடுவில் குறட்டைச் சத்தம், மேலே பொட்டு வைத்த கேமரா. அந்த நேரம் வரைக்கும் அது ஒரு தடவைகூடக் கண்ணைச் சிமிட்டவில்லை.

என் வீட்டுக்காரர் வரவில்லை. பழம் தீர்ந்துகொண்டே வந்தது, கடைசிப் பழங்களை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். போன் அடித்தால், "நேரமில்ல ஜோதி, மல்லிகை ஏத்தணும்" என்று வைத்தார். மறுபடி அடித்தேன், வைத்தார். மரத்தடியில் ஒருவர் மட்டும் மிச்சம் இருந்தார், அவருக்குப் பின்னால் இருக்கிற மரப்பட்டை அவர் நெஞ்சு வழியே தெரிந்தது. கனிஷ்கா, "அம்மா, அப்பாவ நல்லா ஊதுனா பறந்துருவாரு போல" என்றாள்.

மூன்றாவது தடவை அடித்தேன். "வண்டிக்குப் பொட்டு வைக்காமலா ஓட்டுறீங்க?"

இந்தத் தடவை அவர் போனை வைக்கவில்லை.

"முன்சக்கரத்துல சத்தம் வருதுன்னு சொன்னீங்கல்ல. பொட்டில்லாத வண்டிய நம்பி ஓட்டுங்க. நான் என்ன சொல்ல."

பொழுது சாய்கிற நேரத்துக்குக் குட்டியானை பாலத்தின் உச்சியில் தெரிந்தது. பளிச்சென்று வெறும் வெளிச்சம் அடிக்க, பிரேக் தேய்கிற வாசனையோடு வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன், கண் பளபளவென்று, வெள்ளை வெளேரென்று. விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்."

பழத்தை வைத்துவிட்டு, கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நானே போய் நின்றேன். சோலையம்மா அத்தாச்சி, "ஏ ஆத்தா, அவனுக்குக் கால் நிக்காது, தள்ளி நில்லு" என்று கத்தினார். நான் தள்ளவில்லை.

"மெதுவா விடுங்க. நான் முன்னால நிக்கிறேன்."

அவர் கால் கிளட்சில் நடுங்கியது வெளியிலிருந்தே தெரிந்தது. வண்டி ஒரு குதி குதித்தது, என் கையில் கற்பூரம் ஆடியது, நெற்றியில் அவருக்கு வியர்த்தது. சக்கரம் பழத்தின் தோளைத் தொட்டது. மரத்தடியில் இருந்தவர் அப்போதுதான் எழுந்தார். கையில் இருந்த பூச்சரத்துக்கு முடிச்சுப் போட்டார். கைலியை உதறிக் கட்டினார். அப்புறம், நான் பொய் சொல்லவில்லை, செருப்பைத் தேடினார்.

"ஏங்க! செருப்பு கெடக்கட்டும், ஏறுங்க!"

"இரு ஜோதி, இங்கதான விட்டேன்" என்றார்.

சக்கரம் பழத்தில் ஏறிக்கொண்டிருந்தது, சாறு கசிந்தது. கனிஷ்கா பெஞ்சுக்கடியில் புகுந்து ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "இந்தாப்பா" என்றாள். இன்னொன்று அவர் காலிலேயே இருந்தது. மாட்டிக்கொண்டார், இடதுபக்கக் கதவைத் திறந்தார், பூச்சரத்தை என்னைப் பார்த்து நீட்டினார், நான் எட்டி வாங்கினேன். "வரட்டா" என்று சொல்லி ஏறினார். கதவு சாத்தியது. பழம் நசுங்கியது.

உள்ளே ஒருவர்தான் இருந்தார். அவருடைய தலை மெல்லக் குனிந்து ஸ்டியரிங்கில் போய்ச் சாய்ந்தது, ஹாரன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ரோட்டோரம் தூங்கினவர்களெல்லாம் ஒரு கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். கண்ணைத் திறந்தார். இரண்டு கண்ணும் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது.

"ஜோதி," என்றார், "அசதியா இருக்கு. என்னால முடியல."

அதைவிட நல்ல வார்த்தை எதையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மடித்த சாக்கைத் தலைக்கு வைத்தேன். அவருடைய போன் அடித்தது, பூக் கமிஷன்காரர். எடுத்தேன். "தூங்குறார்" என்றேன். எப்போது எழுந்திரிப்பார் என்று கத்தினார். "எந்திரிச்சதும் சொல்றேன்" என்று சொல்லிப் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டேன். வண்டிக்குள் மொட்டாக இருந்த மல்லிகை எல்லாம் ஒன்றுவிடாமல் விரிந்து, ஊரே வாசனையாக இருந்தது.

கேமரா இன்னும் இருக்கிறது, சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. போர்டை மறைத்த வேப்பங்கொப்பைக் காசிராஜன் அண்ணனே வந்து வெட்டிவிட்டார், ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது இறங்கத்தான் செய்கிறார், நானும் செம்பில் தண்ணீர் கொடுக்கத்தான் செய்கிறேன், அடுத்த பூஜை வரைக்கும் அவர்களை வெளுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் இப்போது பாலத்து இறக்கத்தில் நாற்பதில் வருகிறார், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுகிறான், இவர் கையாட்டிவிட்டுப் போகிறார். பூ சில நாள் விரிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் சோற்றில் கையை வைத்தபடியே தூங்கிவிடுகிறார். கையைக் கழுவிவிட்டு, பாயில் சாய்த்துவிட்டு, இமையை விரலால் லேசாகத் தூக்கிப் பார்ப்பேன். சிவந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் நான் படுப்பேன்.